ஜன்னல் திட்டில் வாத்து வாய்

"இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க ஆன்ட்டி" என்றார் டாக்டர் இர்ஃபான். இதற்கு மேல் திறந்தால் காது இரண்டும் பின்மண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல ஃப்ளோராவுக்கு ஆசைதான், ஆனால் சொல்வதற்கு வேண்டிய வாய் அவள் வசம் இல்லை. ஊசி போட்டுப் பத்து நிமிஷம் ஆகிறது, வலது கன்னமும் பாதி உதடும் நாக்கில் ஒரு பக்கமும் சொல்லிக்கொள்ளாமல் எங்கோ வெளியூர் போய்விட்டன. அறுபத்து நான்கு வயதில் ஒரே ஒரு கடைவாய்ப் பல்லுக்காக, புரசைவாக்கத்தில் ஒரு மாடியறையில், காலை பதினொரு மணிக்கு இப்படி அண்ணாந்து கிடக்க வேண்டியிருக்கிறதே, வேர்வரை சுத்தம் செய்ய நாற்பது நிமிஷம் என்றாரே, நாற்பது என்றால் நாற்பதுதானா, டாக்டர்கள் சொல்லும் நாற்பது தையல்காரர்கள் சொல்லும் நாளைக்கு மாதிரியா, ஊசி பாதியில் விட்டுப்போனால் என்ன ஆகும், விட்டுப்போகாது, போன தடவை விட்டுப்போனது, அது வேறு டாக்டர். இடது கடைவாயில் தொங்கவிட்டிருந்த எச்சில் உறிஞ்சும் குழாய் சர்ர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே உள்ளே ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், மூன்று மாடி தள்ளி ஓடுகிற வேக்குவம் கிளீனரின் சத்தத்தை வைத்தே எந்தப் பெண் பையைக் கொட்டாமல் ஓட்டுகிறாள் என்று கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள், இந்தத் துக்கடாக் குழாய் அவளிடம் தப்புமா. இதையும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாதவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போக, விளக்கின் வெளிச்சம் கண்ணில் குத்துகிறதே என்று தலையை இம்மியளவு திருப்பினாள், அப்போதுதான் ஜன்னல் திட்டு கண்ணில் பட்டது.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள், ஆகவே எல்லாமே கலங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் சில உருவங்களுக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. கறுப்பு. அடிப்பக்கம் அகலமாக, சப்பையாக, மேலே போகப் போகக் குறுகி, ஒரு கழுத்து. கழுத்துக்குள் யாரோ ஆகஸ்ட் பதினைந்துக்கு வாங்கிய காகிதக் கொடியைச் செருகி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பீங்கான் நாய், ஒரு காலண்டர், பிளாஸ்டிக் பல்வரிசை ஒன்று சிரித்தபடி. ஃப்ளோராவின் நெஞ்சு ஒரு தரம் தடுக்கி விழுந்து எழுந்தது. வாத்து வாய். வாத்து வாயேதான். அந்தப் பெயரைக் கம்பெனிக்காரன் வைக்கவில்லை, அவளிடம் வேலை பார்த்த பெண்கள் வைத்தது. வேக்குவம் கிளீனர் குழாயின் முனையில் மாட்டுகிற துண்டுகள் எல்லாம் அவர்களுக்கு மூக்குகள்தான்: சோபா இடுக்குக்கு சந்து மூக்கு, தரைக்கு யானை மூக்கு, புத்தக அலமாரிக்கு ரோமம் வைத்த பூனை மூக்கு, மெத்தைக்கு மட்டும் அகலமான வாத்து வாய். ஓட்டலின் அடித்தளத்து ஸ்டோரில் வெள்ளைக்காரன் காலத்து மிஷின் ஒன்று கிடந்தது, உருளையாக, அடியில் சறுக்குக் கட்டைகளோடு. ரிட்டயர் ஆகும்போது என்ன வேண்டும் என்று மானேஜர் கேட்க, மற்றவர்கள் குத்துவிளக்கும் கைக்கடிகாரமும் வாங்கிப் போன இடத்தில், அவள் அந்த மிஷினைக் கேட்டாள். மானேஜர் சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டார். கூடவே வந்த மரப்பெட்டியில் அரக்கு நிறத் துணி ஒட்டிய ஏழு பள்ளங்கள், ஆறில் ஆறு மூக்கு, ஏழாவது காலி. அகலமான அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே தெரியும், அது வாத்து வாய்க்கு உரியது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவது மாதிரி அவள் மனசு எட்டு வருஷமாக அந்தப் பள்ளத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. அதற்காக அலையப் போய்த்தான் மற்ற மூக்குகளும் சேர்ந்தன, இன்றைக்கு வீட்டில் நூற்றுப் பதினெட்டு. "மனுஷனுக்கு ஒண்ணு போதும்னு கர்த்தர் குடுத்தார்" என்பார் அவள் வீட்டுக்காரர் செல்வமணி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து அவற்றைத் துணியால் துடைத்து அடுக்குவதும் அவர்தான்.

அது வாத்து வாய்தானா. பொறு ஃப்ளோரா, பொறு. கொடி வைத்ததெல்லாம் வாத்து வாய் ஆகிவிடாது. பழைய புனலாக இருக்கலாம், மேஜை விளக்கின் அடிக்கட்டையாக இருக்கலாம், பல் டாக்டர்களுக்கே உரிய ஏதாவது கருவியாக இருந்து தொலைக்கலாம், இந்தத் தொழிலில் என்னென்னவோ வைத்திருக்கிறார்கள், இப்போதுகூட அவள் வாய்க்குள் ஊசியைவிட மெல்லிய ரம்பம் ஒன்று போய்ப் போய் வருகிறது. வலிக்கவில்லை. வலிக்கும் என்று பயந்துகொண்டிருப்பது மட்டும் வலித்தது. தொட்டுப் பார்த்தால் சொல்லிவிடுவாள். பழைய டெலிபோன்கள் செய்வார்களே, அந்த பேக்கலைட் என்றால் கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் ஆஸ்பத்திரி வாசனை வரும், இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் என்றால் ஒன்றும் வராது. இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது தணிகாசலம். விரல் கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவள். கழுத்துக்குள் மூன்று விரல் சேர்ந்து இறுக்கமாகப் போனால் அவள் மிஷினின் காலத்து மூக்கு, இரண்டு விரல்தான் போகிறது என்றால் பத்து வருஷம் பிந்தியது. சே, அந்த மனுஷன் ஞாபகம் இப்போது எதற்கு. வாத்து வாய் என்றால் அந்த மனுஷனும் கூடவே வந்துவிடுகிறார், ரயில் டிக்கெட்டோடு வரும் படுக்கை எண் மாதிரி. வேண்டாம். பீங்கான் நாயைப் பார். நாயின் ஒரு காது உடைந்திருக்கிறது. நல்ல நாய்.

"டாக்டர், அடுத்த பேஷன்ட் வந்துட்டாரு. தணிகாசலம் சார்" என்று வாசல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ரிசப்ஷன் பெண் சொன்னாள். கூடவே "ம்க்கும், ம்க்கும், ம்க்கும்" என்று மூன்று தரம் தொண்டையைச் செருமுகிற சத்தம். உலகத்தில் எத்தனையோ தணிகாசலங்கள் இருக்கலாம், மூன்று தரம் இப்படிச் செருமுகிற தணிகாசலம் ஒருவர்தான்: மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப்பையில் எப்போதும் பூதக்கண்ணாடி, வீட்டில் அவளைப் போலவே பழைய வேக்குவம் மிஷின் ஒன்று, பச்சை நிறம். ஃப்ளோராவின் இரண்டு கையும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டன. "வலிக்குதா ஆன்ட்டி? இடது கையைத் தூக்குங்க" என்றார் டாக்டர். தூக்கவில்லை. நான்கு வருஷம். நான்கு வருஷமாக அந்த மனுஷன் முகத்தில் விழிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு விட்டது கிடையாது, இரண்டு பேரும் மூர் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடைகளைச் சலித்துவிட்டு, ஈரானி டீக்கடையில் ஒரு பன் பட்டர் ஜாமை இரண்டாக வெட்டித் தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள். ஏலத்துக்குப் போனால் மட்டும் தெரியாதவர்கள் மாதிரி வேறு வேறு வரிசையில் உட்காருவார்கள். சேர்ந்து வந்தவர்கள் என்று மோப்பம் பிடித்துவிட்டால் ஏலக்காரன் இவரைக் காட்டி அவளையும் அவளைக் காட்டி இவரையும் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பான், ஆகவே இரண்டு பேரும் சேர்ந்து சட்டம் போட்டிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. வேண்டிய பொருளையும் பார்க்கக் கூடாது. வேண்டாத பொருளைப் புகழ வேண்டும். அன்றைக்கு ஏலத்தில் வந்தது வாத்து வாய். பேக்கலைட், மூன்று விரல், ஒரு கீறல் இல்லை. அவள் கையைத் தூக்கித் தூக்கித் தன் சக்திக்கு மேலேயே போனாள், பின் வரிசையில் புதுசாக ஏதோ ரெஸ்டாரன்ட்டுக்கு அலங்காரச் சாமான் வாங்க வந்த ஒருத்தன் விடாமல் ஏற்றினான், கடைசியில் அவள் கை இறங்கிவிட்டது. இறங்கின அந்த நிமிஷத்தில்தான் முன் வரிசையிலிருந்து தணிகாசலத்தின் கை எழுந்தது. எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது, வாத்து வாய் அவருக்குப் போயிற்று. அவள் எழுந்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டாள். அவள் தோற்கும்வரை காத்திருந்து தட்டிக்கொண்டு போன மனுஷன். அவருடைய பச்சை மிஷினுக்கு அது பொருந்தக்கூடப் பொருந்தாது, அதற்கு வேண்டியது இரண்டு விரல் கழுத்து, பிறகு எதற்கு எடுத்தார், எதற்கு, அழகுக்கா, வீம்புக்கா. நான்கு வருஷமாக அவள் யோசனை இந்த எதற்கு வரைக்கும் சரியாக வந்து, அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுவிடும். ஏழு தரம் போன் பண்ணினார். எடுக்கவில்லை. வீட்டுக்கே ஒரு தரம் வந்தார், செல்வமணியிடம் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். செல்வமணிக்குப் பொய் சொல்ல வராது, "ஊர்ல இல்லேன்னு சொல்லச் சொன்னா சார்" என்று அப்படியே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தணிகாசலத்துக்கும் ரோஷம் வந்துவிட்டது.

இப்போது அந்த மனுஷன் பத்தடி தூரத்தில், ஒரு திரைக்கு அந்தப் பக்கம். இன்னும் சற்று நேரத்தில் இதே நாற்காலியில் வந்து சாய்வார், இதே விளக்கு கண்ணில் குத்தும், இதே மாதிரி தலையைத் திருப்புவார், ஜன்னல் திட்டு. அவருக்கு இன்னும் ஊசி போட்டிருக்க மாட்டார்கள், நாக்கு நன்றாகப் புரளும், டாக்டர் தம்பி அது என்னப்பா என்று ஒரே வார்த்தையில் கேட்டு வாங்கி, இதையும் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஒன்றை எடுத்தார், இரண்டாவதையுமா. முடியாது. அதற்கு முன்னால் கேட்டாக வேண்டும். எப்படிக் கேட்பது. சட்டப்படி என்றால் முதலில் பீங்கான் நாயைப் புகழ வேண்டும், எந்த ஊர் நாய், யார் வாங்கினது, அடடா அந்தக் காது, என்று நாயைச் சுற்றி நாலு தெரு போய், போகிற போக்கில், இந்தக் கறுப்புச் சாமான் வேறு இடத்தை அடைத்துக்கொண்டு என்று முடிக்க வேண்டும். அவள் கைதேர்ந்தவள், ஒரு சந்து மூக்குக்காகச் செங்கல்பட்டில் ஒரு வீட்டுக்காரரின் சேவலை முக்கால் மணி நேரம் புகழ்ந்திருக்கிறாள், கடைசியில் சேவலையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் அதற்கெல்லாம் வாய் வேண்டும். "ஆஆ" என்றாள். "ஆய்" என்றாள். நாய் என்று சொல்லத்தான் பார்த்தாள். டாக்டர் இர்ஃபான் பதறிப்போய்க் கையை எடுத்தார். "வலிக்குதா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. இன்னொரு ஊசி போட்டுடலாம்." வேண்டாம் என்று தலையை ஆட்டுவதற்குள் போட்டுவிட்டார். மிச்சமிருந்த பாதி உதடும் மற்ற பாதியைத் தேடிக்கொண்டு புறப்பட்டுப் போயிற்று. ஃப்ளோராவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க இடம் இல்லாததால் வயிறு மட்டும் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்து டாக்டர் தோளைத் தட்டிக் கொடுத்தார். நல்ல பையன். இந்த நல்ல பையனிடம் போய் நாயைப் புகழ்ந்து ஏமாற்ற வேண்டுமா என்று முதல் தடவையாக அவளுக்கு வெட்கமாக இருந்தது. வேண்டும் என்றால் வேண்டும் என்று கேட்டால் என்ன. கேட்டால் கொடுப்பார் அல்லது மாட்டேன் என்பார். மாட்டேன் என்றால்? மாட்டேன் என்றால் அந்த மனுஷனுக்கும் மாட்டேன்தானே. ரம்பம் நின்றது. எதையோ சூடாக்கினார்கள், எதையோ அடைத்தார்கள், கிராம்பு வாசனை வந்தது. நாற்பது நிமிஷம் நாற்பத்தைந்தில் முடிந்தது.

நாற்காலி நிமிர்ந்ததும், கண்ணாடி கைக்கு வரும் முன்னே அவள் விரல் ஜன்னலைக் காட்டியது. "ஒரு மணி நேரம் பேசக் கூடாது" என்றார் டாக்டர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைப் புரட்டி எழுதினாள்: அந்தக் கறுப்புச் சாமான் எனக்கு வேண்டும். எழுதிவிட்டுப் பார்த்தால் எட்டு வருஷத்தில் இவ்வளவு நேராக அவள் எதையும் கேட்டதில்லை. டாக்டர் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "கொடி ஸ்டாண்டா? முன்னாடி இந்த ரூம்ல இருந்த டாக்டர் விட்டுட்டுப் போனது ஆன்ட்டி, என்னன்னே தெரியல. எடுத்துக்குங்க, இடம் மிச்சம்." கொடியை அவரே மரியாதையாக எடுத்துப் பேனா டப்பாவில் வைத்தார். அவ்வளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். கனம் சரியாக இருந்தது, வாத்தின் அலகு மாதிரியே அந்த வளைவும் சரியாக இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள், சூடு வந்தது, முகர்ந்தாள். ஆஸ்பத்திரி வாசனை. ஆனால் கதவும் அப்படித்தான் மணத்தது, டாக்டர் மேலும் அதே வாசனைதான், அவள் தாடையிலிருந்தே அந்த வாசனைதான் வந்துகொண்டிருந்தது, இந்த அறையில் செருப்பைத் தேய்த்து முகர்ந்தாலும் பேக்கலைட் என்றுதான் தோன்றும். சரி, விரல். மூன்று விரலைச் சேர்த்துக் கழுத்தில் வைத்தாள். போகவில்லை. திருப்பிப் போட்டு வைத்தாள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வைத்தாள். இரண்டு விரல் அளவெடுத்தது மாதிரி இறங்கியது, மூன்றாவது வெளியே நின்றது. அவளுடையது இல்லை. அப்படியே மறுபடி நாற்காலியில் சாய்ந்து ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டால்கூடத் தேவலை என்று நிஜமாகவே நினைத்தாள். பள்ளம் காலியாகவே இருக்கப்போகிறது. எட்டு வருஷம் ஒன்பது ஆகும், பத்து ஆகும். இரண்டு விரலும் கழுத்துக்குள் இருக்க அப்படியே நின்றவளுக்குப் பிறகுதான் உறைத்தது. இரண்டு விரல் கழுத்து. பேக்கலைட்டில் வாத்து வாய். இது யாருடைய மிஷினுக்கு வேண்டியது என்று உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தி அவள்.

ஆகா என்று இருந்தது. இப்போது வந்தாயா வழிக்கு. இனி பேரம்தான். திரையைத் தள்ளிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேரே இதைக் காட்டி, உன்னிடம் இருப்பது என்னுடையது, என்னிடம் இருப்பது உன்னுடையது, கொடுத்துவிட்டு வாங்கிக்கொள், அதற்கு முன்னால் நான்கு வருஷத்துக்கும் சேர்த்து நான் சொல்லப்போவதைக் காது கொடுத்துக் கேள். திட்டுகள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எத்தனை தரம் சொல்லிப் பார்த்து மெருகேற்றியவை, நன்றி கெட்ட, நம்பினவளை, வீம்புக்கு, எல்லாம். திரையைத் தள்ளினாள். தணிகாசலம் தனியாக உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் வீங்கி ஒரு கமலா ஆரஞ்சு அளவுக்கு இருந்தது, அதைக் கைக்குட்டையால் தாங்கிப் பிடித்திருந்தார், தலை முழுக்க நரைத்துவிட்டது, எப்போது நரைத்தது. அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வலிக்குதா மேடம்? உக்காருங்க, மொதல்ல உக்காருங்க" என்று தன் நாற்காலியைக் காட்டினார்.

ஃப்ளோரா வாயைத் திறந்தாள். "உங்... எந்..." என்று ஏதோ வந்தது, கூடவே எச்சிலும் வந்தது. நன்றி கெட்ட என்று தொடங்கினால் 'ந'வே வரவில்லை. தணிகாசலம் கவலையோடு அவள் வாயைப் பார்த்தார், அங்கேதான் எங்கோ வலி இருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல. பேரமும் இல்லை, திட்டும் இல்லை, கையில் இருந்தது அது ஒன்றுதான். என்ன செய்வது என்று தெரியாமல் அதை அவர் கையில் வைத்துவிட்டாள்.

அவர் அதைப் பார்த்தார். கைக்குட்டை கீழே விழுந்தது. பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. இரண்டு விரலைச் சேர்த்துக் கழுத்துக்குள் விட்டார், விட்டவர் எடுக்கவே இல்லை.

"பச்சை மிஷினோடது" என்றார். பிறகு, "எனக்கா மேடம்?"

அவள் தலையாட்டியது ஆமாம் என்றா பேரத்துக்கு வா என்றா என்று அவளுக்கே தெரியாது.

"உங்களோடது என் வீட்லதான் இருக்கு" என்றார் தணிகாசலம். வீங்கின கன்னத்தோடு அவருக்கும் பேச்சு குழறத்தான் செய்தது. "ம்க்கும். அன்னிக்கு உங்களுக்குன்னுதான் எடுத்தேன். அந்த ரெஸ்டாரன்ட்காரன் பின்னாடி உக்காந்து விடமாட்டேங்கிறான், நீங்களும் கையை இறக்கிட்டீங்கன்னு ஏலக்காரன் பேச்சுலயே தெரிஞ்சுது, போச்சுடான்னு நான் தூக்கிட்டேன். உங்களைப் பார்த்து ஒரு ஜாடை காட்டியிருக்கலாம். நாமதான் திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கமே, நான் மீறல. முடிஞ்சப்புறம் திரும்பினா உங்க நாற்காலி காலியா இருக்கு."

அவள் யோசனை நான்கு வருஷமாக நின்ற அந்த எதற்கு என்ற இடத்தில் இப்போதும் போய் நின்றது, நின்று, அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. அழுகை வந்தது, உதடு கோணிக்கொண்டு சிரிப்பாக வெளியே போயிற்று.

"தணிகாசலம் சார், உள்ள வாங்க" என்றாள் ரிசப்ஷன் பெண்.

அவர் இரண்டடி நடந்தார், கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "இதைக் கொஞ்சம் வெச்சிருங்க மேடம். உள்ளே என்னமோ நாற்பது நிமிஷமாம்." போகிறவர் திரைக்குப் பக்கத்தில் நின்று, திரும்பாமலே, "இருப்பீங்கல்ல?" என்றார்.

ஃப்ளோரா வாத்து வாயை வாங்கிப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள், வாயிலிருந்து வந்தது வேறு எதுவோ. திரைக்கு அந்தப் பக்கம் மூன்று தரம் செருமிவிட்டு, "புரிஞ்சுது மேடம்" என்றார் அவர்.